எரிகோவின் நான்காம் நாள்



இந்த மாதச் செய்தியை எழுத உட்கார்ந்தபோது, செய்திக்கு முன்னால் ஒரு அறிக்கை இருக்கிறது, அதை முதலில் செய் என்று கர்த்தர் என் உள்ளத்தில் உணர்த்தினார். பிரசங்க பீடத்தில் நின்று எல்லாருக்கும் முன்பாகச் சொன்ன காரியத்தை எல்லாருக்கும் முன்பாகத்தானே சரிசெய்ய வேண்டும்? ஆகவே எழுதுகிறேன்.

ஈஸ்டர் ஆராதனையில் நான் சொன்ன சாட்சி உங்களுக்கு நினைவிருக்கும். என் பழைய பெல்ட்டைக் கையில் எடுத்து வந்து, ஆணியால் குத்திப் போட்ட இரண்டு புது ஓட்டைகளைக் காட்டினேன். "ஜனவரியில் 91 கிலோ, இன்றைக்கு 84! பதினோரு வாரத்தில் ஏழு கிலோவைக் கர்த்தர் இறக்கிப்போட்டார், அல்லேலூயா!" என்றேன். நீங்களும் கைதட்டி ஆர்ப்பரித்தீர்கள். வாலிபப் பிள்ளைகள் விசில் அடிக்காததுதான் பாக்கி.

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை மெஷினில் ஏறினேன், 84. அடுத்த திங்கள் 84. அதற்கடுத்த வாரம் 84.3. இப்படியே எட்டு வாரம். அதே சாப்பாடு, அதே நடை, அதே ஜெபம். மெஷின் மட்டும் அசையவில்லை. செல் தீர்ந்திருக்குமோ என்று செல்லையும் மாற்றிப் பார்த்தேன். புது செல்லிலும் அதே 84தான்!

இந்த எட்டு வாரத்திலும், "ஐயா இன்னும் இளைச்சிட்டீங்களே" என்று யாராவது சொன்னால், "எல்லாம் கிருபை" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவேன். அது பொய்தானே, தேவபிள்ளைகளே? வாய் பொய் சொல்லவில்லை. சிரிப்பு சொன்னது.

எட்டாவது வாரம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது, நம்முடைய சபைச் சகோதரி ஒருவர் ஓரமாக வந்து நின்றார்கள். (அவர்களிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.) என்னம்மா என்றேன்.

"ஐயா, நீங்க ஈஸ்டருக்குச் சாட்சி சொன்னப்போ நான் பின்னால உட்கார்ந்து அழுதேன். நானும் பிப்ரவரியிலிருந்து நடக்கேன். சோத்தைக் குறைச்சேன். 78லிருந்து 73 வந்தேன். அதோட நின்னுட்டுது. ஒன்றரை மாசமாச்சு. வீட்ல அவுக, 'உனக்கெல்லாம் இறங்காது, விட்டுத்தள்ளு'ன்னு சொல்றாக. உங்களுக்கு இறக்கின கர்த்தர்தானே எனக்கும்? எனக்கு மட்டும் ஏன் நிறுத்திட்டார்?"

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அம்மா, எனக்கும் நின்னுட்டுது" என்று நாலு வார்த்தை. அதைச் சொல்ல என் பெருமை விடவில்லை. "விசுவாசத்தில் தளராதேங்கம்மா, ஜெபிப்போம்" என்று சொல்லி, தலையில் கைவைத்து ஒரு சின்ன ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டேன். அவர்கள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கல்லைக் கொடுத்தனுப்பினேன், அப்பம் கொடுக்கவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நான் ஏன் எடையைக் குறைக்கப் போனேன் என்பதையும் உங்களுக்குச் சொல்லவேண்டும். அழகுக்காக அல்ல, 56 வயதில் எனக்கு என்ன அழகு! இரண்டு காரணம். ஒன்று என் முழங்கால். இரண்டு வருஷமாக நான் முழங்காலில் நின்று ஜெபித்ததில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதில் உட்கார்ந்துதான் அதிகாலை ஜெபம். மற்றொன்று சர்க்கரை. ஜனவரியில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாத சராசரி 6.3 என்று வந்தது. 6.5 வந்தால் சர்க்கரை நோய். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "எல்லையில நிக்கிறீங்க ஐயா. இந்தப் பக்கம் வரதும் அந்தப் பக்கம் போறதும் உங்க கையில கொஞ்சம் இருக்கு" என்றார்.

என் தகப்பனாரைப் பழைய விசுவாசிகள் சிலர் அறிவீர்கள். தென்காசிப் பக்கத்துக் கிராமங்களிலெல்லாம் சைக்கிளில் போய் சுவிசேஷம் சொன்ன மனுஷன். அவருக்கு சர்க்கரை இருந்தது. மாத்திரை விழுங்குவது அவிசுவாசம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அவருடைய பக்தியை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியன் என்று கொலோசெயர் நிருபத்தில் எழுதியிருப்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லையே என்று நான் வருத்தப்படுகிறதுண்டு. காலில் ஒரு சின்னப் புண். ஆறவில்லை. கடைசியில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜெபித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "முழங்கால்ல நின்னு ஜெபிச்சு நாலு வருஷமாச்சுல" என்றார். அழவில்லை. சும்மா சொன்னார்.

ஆகவே அந்த 6.3 என்ற எண்ணைப் பார்த்தபோது நான் பார்த்தது அந்தக் கட்டிலைத்தான்.

தூக்கம் வராத அந்த ராத்திரியில் வேதத்தை எடுத்தேன். யோசுவா ஆறாம் அதிகாரம் திறந்தது. எரிகோவைப் பற்றி நான் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன் தெரியுமா? கன்வென்ஷனிலும் வாலிபர் முகாமிலும், இரண்டு கல்யாண வீட்டிலும்கூட! எப்போதும் ஏழாம் நாளைத்தான் பிரசங்கிப்பேன். எக்காளம், ஆர்ப்பரிப்பு, மதில் விழுந்தது, அல்லேலூயா, காணிக்கைப் பாட்டு. முப்பது வருஷ ஊழியத்தில் நான்காம் நாளைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் செய்ததில்லை.

நான்காம் நாளை யோசித்துப் பாருங்கள். முதல் நாள் ஒரு உற்சாகம் இருக்கும். பெட்டி முன்னே போகிறது, ஏழு ஆசாரியர்கள் எக்காளம் ஊதுகிறார்கள், புதுக் காரியம். இரண்டாம் நாளும் பரவாயில்லை. நான்காம் நாள்? மூன்று நாள் சுற்றியாயிற்று. ஒரு செங்கல் உதிரவில்லை. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. சுற்றிவிட்டுப் பாளயத்துக்கு வந்து படுக்கிறார்கள். அடுத்த நாள் எழுந்து மறுபடியும் சுற்றுகிறார்கள். மதிலின்மேல் நிற்கிற எரிகோக்காரன் சிரித்திருக்க மாட்டானா? "இவனுகளுக்கு வேற வேலை இல்லையா" என்று கேட்டிருக்க மாட்டானா? ஆறு நாளில் ஆறு சுற்று, ஏழாம் நாளில் ஏழு சுற்று, ஆகப் பதின்மூன்று. அந்தப் பதின்மூன்று சுற்றும் முடியும் மட்டும் மதில் அப்படியே நின்றது! கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது என்று வேதத்தில் இல்லை.

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். நான் சொல்லுகிற நாள்மட்டும் உங்கள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரக்கூடாது என்ற கருத்தில் யோசுவா ஜனங்களுக்குக் கட்டளையிட்டிருந்தான். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. நானோ இரண்டாம் நாளே பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு ஆர்ப்பரித்துவிட்டேன். அதனால்தான் நான்காம் நாளில் வாயைத் திறக்க வெட்கமாயிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை நான் என் மனைவியோடு அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போய், "அம்மா, எனக்கும் எட்டு வாரமா நின்னுபோச்சு, உங்கள்ட்ட மறைச்சிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "அப்போ எனக்கு மட்டும் இல்லையா ஐயா!" அந்த ஒரு வார்த்தையில் எத்தனை பாரம் இறங்கிற்று என்று நான் கண்ணால் பார்த்தேன்.

பிரியமானவர்களே, இது ஏன் நிற்கிறது என்று பின்பு டாக்டரிடம் கேட்டேன், கிடைத்ததை வாசித்தும் பார்த்தேன். தெரிந்துகொண்டால் பிசாசானவன் பாதி ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவான். ஏனென்றால் அவன் நம் காதில் சொல்லுவது ஒன்றே ஒன்றுதான்: "நீ தோத்துட்ட, கர்த்தர் உன்னை விட்டுட்டார்."

முதல் சில வாரங்களில் மளமளவென்று இறங்குகிறதே, அதில் பெரும்பங்கு தண்ணீர். நம்முடைய ஈரலிலும் தசையிலும் உடம்பு சேமித்து வைத்திருக்கிற மாவுச்சத்து, ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்தவுடன் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் போகிறது. மெஷின் நம்மை முகஸ்துதி பண்ணுகிறது. கொழுப்பு அத்தனை வேகமாய்ப் போகாது. ஆக, என் ஈஸ்டர் சாட்சியில் ஒரு பங்கு வெறும் தண்ணீர்!

அடுத்தது, ஏழு கிலோ அரிசிப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு வ.உ.சி. மைதானத்தைச் சுற்றுகிறவனுக்கும், பையை இறக்கிவைத்துவிட்டுச் சுற்றுகிறவனுக்கும் உழைப்பு ஒன்றா? நான் இப்போது ஏழு கிலோவை இறக்கிவைத்துவிட்டு நடக்கிறேன். அதே நடைக்கு இப்போது குறைவாகத்தான் எரிகிறது. உடம்பு சிறிதானால் அதற்கு வேண்டிய தீனியும் குறைகிறது. ஜனவரியில் குறைவாயிருந்த அதே சாப்பாடு ஜூனில் சரிசமமாகிவிடுகிறது.

இதற்கெல்லாம் மேலே, நம்மை உண்டாக்கினவர் பஞ்சத்தில் செத்துப்போகாதபடி சரீரத்துக்குள் ஒரு காவலை வைத்திருக்கிறார். வரவு குறைந்தால் செலவை உடம்பு தானே குறைத்துக்கொள்ளும், பசியைக் கூட்டிவிடும். அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945இல் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு பரிசோதனை நடத்தினார். அதில் தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள் 36 வாலிபர்கள். யுத்தத்தில் துப்பாக்கி எடுக்க மாட்டோம் என்று மனச்சாட்சிக்காக மறுத்தவர்கள், அநேகர் பிரதரன், குவேக்கர், மென்னோனைட் சபைகளைச் சேர்ந்தவர்கள். ஐரோப்பாவில் பட்டினி கிடக்கிற ஜனங்களை எப்படித் திரும்பப் போஷிப்பது என்று கண்டுபிடிப்பதற்காக, தாங்கள் 24 வாரம் அரைவயிறு சாப்பிட்டார்கள். உடம்பில் நாலில் ஒரு பங்கு போயிற்று. ஆனால் ஒரே வேகத்தில் போகவில்லை. முதலில் வேகம், வரவர மந்தம், கடைசியில் ஏறக்குறைய நின்றே போயிற்று. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிறது ஏறக்குறைய 40 சதவிகிதம் குறைந்தது. இருதயத் துடிப்பு மெதுவாயிற்று. எந்நேரமும் சாப்பாட்டு நினைவு, சிலர் சமையல் புத்தகத்தை எடுத்துவைத்து வாசித்துக்கொண்டிருந்தார்களாம். இவர்கள் விசுவாசம் இல்லாதவர்களா? மற்றவனுடைய பசிக்காகத் தங்கள் வயிற்றைக் கொடுத்தவர்கள்! அவர்களுக்கே அப்படி என்றால், ஆறாவது வாரத்தில் வாழைப்பழ பஜ்ஜி கனவில் வருகிறதென்று நீங்கள் ஏன் உங்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறீர்கள்?

மதில் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அது கர்த்தர் கோபமாயிருக்கிறார் என்பதல்ல.

இப்போது நான் அந்த எட்டு வாரத்தில் செய்த புத்திகெட்ட காரியங்களையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன பயன்? மூன்றாவது வாரத்தில் வெள்ளி உபவாசத்தோடு புதனையும் சேர்த்தேன். சபைக்கு, "எழுப்புதலுக்காக" என்றேன். என் உள்ளத்தில் மெஷினுக்காக. உபவாசிக்கிறவன் எதற்காக உபவாசிக்கிறான் என்று ஏசாயா 58இல் கர்த்தர் கேட்கிற கேள்விக்கு அந்தப் புதன்கிழமைகளில் என்னிடம் பதில் இல்லை. சாயங்காலம் உபவாசத்தை முடித்தபின் என்ன செய்தேன் என்கிறீர்கள்? நாலு பரோட்டா, சால்னாவோடு. காலையிலிருந்து மிச்சம் பிடித்ததெல்லாம் இருபது நிமிஷத்தில் வட்டியோடு திரும்பிப்போயிற்று.

தானியேல் உபவாசம் இருந்தால் உடம்பு இறங்கும் என்று சிலர் சொல்லுகிறார்கள். முதலாம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். பருப்பும் தண்ணீரும் சாப்பிட்ட பிள்ளைகள் பத்து நாள் கழித்து மற்றவர்களைவிடப் புஷ்டியாக இருந்தார்கள்!

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிற விசுவாசிகளுக்கு ஒரு வார்த்தை. டாக்டரைக் கேட்காமல் முழுநாள் உபவாசம் எடுக்காதீர்கள். சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயங்கி விழுந்தால் அது உயிருக்கே ஆபத்து. ஒருவேளைச் சாப்பாட்டோடு ஜெபித்தால் கர்த்தர் கேட்கமாட்டாரா? என் தகப்பனாரின் கட்டிலை நினைத்துக்கொண்டு இதைக் கண்ணீரோடு எழுதுகிறேன்.

அதே வாரங்களில் வேறொரு சபைச் சகோதரன் என்னிடம் ஒரு டப்பா பவுடரைக் கொண்டுவந்தார். "பாஸ்டர், நின்ன எடை மறுபடி இறங்கும், மாசம் இரண்டு டப்பா. நீங்க ஒருத்தர் சொன்னா சபையே வாங்கும்." அவர் கடைசியில் சொன்னதுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. என் எடையின்மேல் அவருக்கு அக்கறை இல்லை, உங்கள் பர்ஸின்மேல்தான். நம்முடைய ஆலய வராந்தாவில் டப்பா விற்பனை கூடாது என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, ஒரு சகோதரியின் உடம்பைப் பார்த்து, "பாஸ்டரே குறைச்சிட்டார், உனக்கென்ன" என்று சொல்லுகிறவர்களே, அந்த வார்த்தையை இதோடு விட்டுவிடுங்கள். அது என் சாட்சியிலிருந்து முளைத்த முள். ஒல்லியாயிருப்பது பரிசுத்தமும் அல்ல, பருமனாயிருப்பது பாவமும் அல்ல.

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சகோதரி வீட்டுக்குப் போய் வந்த மறுவாரம், ஒருநாள் அதிகாலை ஜெபம் முடிந்து எழுந்தேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏங்க, அந்த நாற்காலி எங்க?" என்றார்கள். எந்த நாற்காலி என்றேன். "நீங்க உட்கார்ந்து ஜெபிக்கிற நாற்காலி. மாடியில துணி காயப்போட எடுத்துட்டுப் போயி பத்து நாளாச்சு. நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கவே இல்ல."

தேவபிள்ளைகளே, எனக்குப் பேச்சு வரவில்லை. பத்து நாளாக நான் முழங்காலில் நின்று ஜெபித்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை! எதற்காக இந்த ஓட்டத்தை ஆரம்பித்தேனோ அதைக் கர்த்தர் என் கையில் கொடுத்துவிட்டார். நானோ பாத்ரூம் பக்கத்தில் கிடந்த மெஷினைப் பார்த்து முறுமுறுத்துக்கொண்டிருந்தேன். திரும்பவும் முழங்காலில் விழுந்தேன். அன்றைக்கு வார்த்தையாக ஒன்றும் ஜெபிக்கவில்லை. என் தகப்பனார் ஞாபகம்தான்.

டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. மூட்டுத் தேய்மானம் உள்ள பருமனானவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடியிலும் முழங்காலின்மேல் வருகிற பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறதாம். ஏழு கிலோவுக்கு 28 கிலோ. அரை மூட்டை சிமெண்டுக்கும் மேலே! ஒவ்வொரு அடிக்கும்! எடை 84லேயே நின்றாலும், குறைந்த ஏழு கிலோ குறைந்ததுதானே? அந்த இளைப்பாறுதலில் முழங்கால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலப்பட்டிருக்கிறது.

பிறகு தையல் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தோம். ஈஸ்டர் சமயம் 41 அங்குலம். இப்போது 39½. மெஷின் நின்ற அந்த எட்டு வாரத்தில் ஒன்றரை அங்குலம்! நம்மைப் போன்றவர்களுக்கு இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 80க்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். அதாவது ஏறக்குறைய 35½ அங்குலம், 31½ அங்குலம். நான் இன்னும் தூரமாகத்தான் இருக்கிறேன். ஆனால் நடந்துகொண்டிருக்கிறேன், நிற்கவில்லை.

நம்முடைய சென்னையில் நடந்த ஒரு ஆராய்ச்சியையும் டாக்டர் சொன்னார். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில், சர்க்கரை நோய்க்கு முந்தின நிலையில், என்னைப் போல எல்லையில் நிற்கிற 531 பேரைச் சேர்த்து ஏறக்குறைய மூன்று வருஷம் கவனித்து, 2006இல் வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்று வருஷத்துக்குள் சர்க்கரை நோய் வந்தது. தினமும் அரைமணி நேரம் நடந்து, சர்க்கரை, எண்ணெய், வெள்ளை மாவு குறைத்துச் சாப்பிட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதிலே எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அப்படி நடந்தவர்களின் எடை சொல்லும்படியாகக் குறையவில்லை! மெஷின் அவர்களுக்கும் நின்றுதான் இருந்திருக்கும். ஆனாலும் உள்ளே இன்சுலின் நன்றாக வேலைசெய்ய ஆரம்பித்திருக்கிறது. இதைக் கேட்டபோது டாக்டர் ரூமிலேயே ஸ்தோத்திரம் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் மூன்று மாத சராசரியும் 6.3லிருந்து 5.9க்கு வந்திருக்கிறது.

அந்தச் சகோதரிக்கும் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ எனக்கு மறுபடி இறங்குமா ஐயா?" என்று கேட்டார்கள். இறங்கும் என்று தீர்க்கதரிசனம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏழாம் நாளில் மதில் விழும் என்று எரிகோவைக் குறித்துக் கர்த்தர் வாக்குக்கொடுத்தார். அவர்களுடைய மதில் எழுபது கிலோவில் விழும் என்று எனக்கு ஒரு வாக்கும் தரவில்லை. அதைத்தான் சொன்னேன். "ஆனா நடக்கிறதை மட்டும் நிறுத்தாதேங்கம்மா. உங்க அளவையும் டேப்பில் எடுத்துப் பாருங்க" என்றேன். இப்போது அவர்களும் என் மனைவியும் சாயங்காலம் ஐந்தரைக்குச் சேர்ந்து நடக்கிறார்கள். வீட்டுக்காரரும் ஒருநாள் துணைக்கு வந்தாராம். இரண்டாம் சுற்றிலேயே மூச்சு வாங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம்.

என் பக்கத்தில் சரிசெய்ய வேண்டியதும் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் உடம்பின்மேல் பழிபோடக் கூடாது. ஜனவரியில் சோற்றை ஒரு கப்பால் அளந்து போட்டேன். மே மாதத்தில் கப் அலமாரிக்குப் போய்விட்டது, கை அளந்தது. என் கை தாராளமான கை. இரவு ஜெபக்கூட்டம் முடிந்து பதினோரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தேன். தூக்கம் குறைந்தால் பசி கூடும். இப்போது வீட்டுக் கூட்டங்களை எட்டரைக்குள் முடித்துவிடுவோம், நீங்களும் ஒத்துழையுங்கள். காலையில் இரண்டு முட்டையோ அவித்த பயறோ சேர்க்கிறேன், தசை கரையாமலிருக்க அது வேண்டுமாம். கையைத் தொடாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருகிறேன். (அந்த நாற்காலி இப்போது இதற்குத்தான்.) மெஷினில் ஏறுவது வாரத்தில் ஒருநாள், திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றோடு. தினமும் ஏறிப் பார்க்கிறவர்கள் கேளுங்கள். முந்தின நாள் கல்யாண வீட்டில் உப்பும் ஊறுகாயும் சாப்பிட்டால் மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டும், அது தண்ணீர், மனம் உடையாதேங்க.

கடைசியாக, வீடு சந்திப்பு. இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம். ஒரு நாளைக்கு நான் ஆறு வீடு வருகிறேன். ஆறு வீட்டிலும் டீ. பாஸ்டர் ஐயாவுக்கு என்று ஆளுக்கு இரண்டு ஸ்பூன் சீனி தாராளமாகப் போடுகிறீர்கள். பன்னிரண்டு ஸ்பூன், ஏறக்குறைய 48 கிராம். கூடவே மிக்சர், முறுக்கு, சில வீட்டில் அல்வா. வேண்டாம் என்றால் தாய்மார்கள் முகம் வாடிப்போகிறது, அதனால் ஜனவரியில் வேண்டாம் என்றவன் மே மாதத்தில் வாங்கிக் குடிக்க ஆரம்பித்தேன். மதில் நின்றதற்கு இந்த டீயும் ஒரு காரணம்.

ஆகையால் சபையார் அனைவருக்கும் அன்பான அறிவிப்பு. இந்த மாதம் வடக்குத் தெரு, ரயில்வே லைன் பகுதி வீடுகளுக்கு வருவோம். சீனி போடாத டீ அரை டம்ளர், அல்லது மோர் போதும். முறுக்கு டப்பாவைத் திறக்கவேண்டாம், திறந்தால் நான் எடுத்துவிடுவேன். ஜெபத்துக்கு எனக்கு நாற்காலி போடவேண்டாம், ஒரு பாய் விரித்தால் போதும்.

இந்தத் திங்கட்கிழமையும் மெஷின் 84 என்றுதான் காட்டியது. நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு மைதானத்தின் மேற்கு வாசலில் இருப்பேன். நடக்க வருகிற சகோதரர்கள் வரலாம்.

கர்த்தரின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்